கிருமியின் புரதங்களைப் பட்டியல் போட்டால் மருந்து வந்துவிடுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காசநோய், ஆந்த்ராக்ஸ், கொரோனா மாதிரி ஆபத்தான கிருமிகளின் புரதங்களை மொத்தமாக ஆராய்ந்து மருந்துக்கு இலக்கு, அதாவது மருந்து போய்த் தாக்க வேண்டிய புரதம், தேடுகிறோம் என்று பல ஆய்வுக்கூடங்கள் சொல்கின்றன. அப்படி ஒரு மருந்தாவது வெளியே வந்திருக்கிறதா, அவ்வளவு ஆபத்தான கிருமியை மெஷினில் எப்படிப் போடுகிறார்கள், எனக்கு இதில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாகக் கேட்டாலும் மனதில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இது உருப்படியான வேலையா, இல்லை நிதி கேட்கும் விண்ணப்பத்தில் எழுத நன்றாக இருக்கும் ஒரு வார்த்தையா?

நான் பதினெட்டு வருடமாக, மூலக்கூறுகளை எடை போடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவன். மருத்துவன் இல்லை. உச்சக்கட்டப் பாதுகாப்பு கொண்ட பி.எஸ்.எல்-4 கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. என் மேஜைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் செத்த பாக்டீரியாவின் சாறு. அந்த அளவில் நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியான பதில் இதுதான்: இந்த இலக்கை முதலில் காட்டியது புரோட்டியோமிக்ஸ் (புரதங்களை மொத்தமாக ஆராயும் இந்தத் துறையின் பெயர்), அதை வைத்து வந்தது இந்த மாத்திரை என்று மருந்துக்கடையில் விரல் நீட்டிக் காட்ட என்னிடம் ஒரு தொற்றுநோய் மருந்தும் இல்லை. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் வந்திருக்கின்றன. பழைய மருந்துகள் உடம்புக்குள் எங்கே போய் ஒட்டுகின்றன என்பது தெரியவந்திருக்கிறது. எந்தச் சந்தேகத்தைக் கைவிடலாம் என்பதும் தெரிந்திருக்கிறது. அந்தக் கடைசி விஷயத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை, அவ்வளவுதான்.

மரபணு வரிசை என்பது ரேஷன் கார்டு மாதிரி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் போட்டிருக்கும். இன்றைக்கு ராத்திரி வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் அதில் தெரியாது. காசநோய்க் கிருமியின் முழு மரபணு வரிசை 1998-ல் வந்தது, ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். அந்தக் கிருமி நுரையீரல் செல்லுக்குள் பதுங்கியிருக்கும்போது அந்த நாலாயிரத்தில் எவை புரதமாகி வேலை செய்கின்றன என்பதைக் கார்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கதவைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். புரோட்டியோமிக்ஸ் அந்தக் கதவு தட்டும் வேலை. 2011-ல் பெங்களூருவிலிருந்து ஒரு குழு இதைச் செய்தது. 3,176 புரதங்களை நேரில் கண்டார்கள். கூடவே, கார்டில் பெயரே இல்லாத 41 மரபணுக்களின் புரதங்களையும் கண்டார்கள். வரிசை வெளிவந்து பதின்மூன்று வருடம் உலகமே அலசிய ஒரு கிருமியில்!

வேலை நடக்கும் விதம் ரொம்ப எளிது, செய்வதுதான் கஷ்டம். செல்லை உடைத்துப் புரதத்தை எடுக்க வேண்டும். டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தால், லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் வரும் இடமாகப் பார்த்துப் புரதத்தைத் துண்டு போடும். அந்தத் துண்டுகளை மெஷின் எடை போடும், மேலும் உடைத்து மறுபடி எடை போடும். பிறகு கம்ப்யூட்டர் மரபணு வரிசையோடு ஒப்பிட்டு, இந்தத் துண்டு இந்தப் புரதத்தைச் சேர்ந்தது என்று பொருத்தும். பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் இப்படி எடை போட வழி செய்ததற்காகத்தான் ஜான் ஃபென், கோயிச்சி தனாகா இருவருக்கும் 2002-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நான் முதன்முதலில் ஓட்டிய மாதிரியில் பட்டியலின் உச்சியில் வந்து நின்றது கெரட்டின். அதாவது மனிதத் தோல், முடியின் புரதம். வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். புரதங்களைப் பிரிக்க உதவும் ஜெல்லின் மேல் தொப்பி போடாமல் குனிந்திருக்கிறேன். இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் இப்படி ஒரு முதல் கெரட்டின் கதை இருக்கும். இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. மெஷின் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் சொல்லும். நீங்கள் எதைப் போட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

சரி, ஆபத்தான கிருமியை எப்படிப் போடுகிறார்கள்? உயிரோடு போடுவதில்லை. பாதுகாப்பு கூடத்துக்குள்ளேயே சூடாக்கியோ, எஸ்.டி.எஸ். என்ற சோப்பு மாதிரிப் பொருள், எத்தனால், ஃபார்மிக் அமிலம் போன்ற ஏதோ ஒன்றால் கொன்றோ, நுண்ணிய வடிகட்டியில் விட்டோ, சாற்றை மட்டும் வெளியே கொண்டுவருவார்கள். வெளியே விடுவதற்கு முன், அதில் கொஞ்சம் எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் போட்டு எதுவும் முளைக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். காசநோய்க் கிருமி நத்தை வேகத்தில் வளர்வது. அதனால் 42 நாள் காத்திருப்போம். பிஎச்.டி. மாணவர்களுக்கு இந்த 42 நாள்தான் பெரிய எரிச்சல். "சார், செத்திருக்கும் சார்" என்று பத்தாம் நாளே வந்து நிற்பார்கள்.

ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 2014 ஜூன், அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள சி.டி.சி. என்ற அரசு நோய்த்தடுப்பு மையம். ஆந்த்ராக்ஸ் கிருமியைச் சீக்கிரம் அடையாளம் காண மால்டி-டாஃப் என்ற வகை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உதவுமா என்று பார்க்க நினைத்தார்கள். அதாவது அப்படியே நம் வேலை. ஃபார்மிக் அமிலத்தால் கிருமியைக் கொன்றார்கள். கொஞ்சத்தைத் தட்டில் பூசி 24 மணி நேரம் பார்த்தார்கள், எதுவும் வளரவில்லை. சாறு குறைந்த பாதுகாப்பு கொண்ட கூடங்களுக்குப் போய்விட்டது. ஆந்த்ராக்ஸ் ஸ்போர் என்ற கெட்டி உறைக்குள் தூங்கக்கூடியது. அதைப் பிடிக்கும் வடிகட்டும் படி அந்தச் செய்முறையில் இல்லை. பார்த்து முடித்த தட்டுகளை அழிக்க, நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குக் கொண்டுபோனால், அதன் கதவு திறக்கவில்லை. தட்டுகள் மறுபடி இன்குபேட்டருக்கே போய் ஒரு வாரம் கிடந்தன. ஜூன் 13-ம் தேதி எடுத்துப் பார்த்தால் தட்டில் கிருமி வளர்ந்திருக்கிறது. 75 பேருக்கு மேல் மருந்து, கண்காணிப்பு என்று அலைய வேண்டியதாயிற்று. நல்லவேளை, யாருக்கும் நோய் வரவில்லை. அந்தக் கதவு அன்றைக்கு ஒழுங்காகத் திறந்திருந்தால் விஷயம் வெளியே தெரிந்தே இருக்காது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் நடுங்கும்.

கிருமியைத் தொடாமலே செய்யும் வழியும் இருக்கிறது. கொரோனா காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நெவன் கிரோகன் குழு செய்தது அதுதான். வைரஸ் கையில் இல்லாமலேயே, அதன் மரபணு வரிசையைப் பார்த்து அதன் 29 புரதங்களில் 26-ஐ ஒவ்வொன்றாக மனித செல்லுக்குள் தயாரிக்க வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய வால் கட்டியிருந்தார்கள். வாலைப் பிடித்து இழுத்தால், அந்த வைரஸ் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதப் புரதங்களும் சேர்ந்து வரும். அவற்றை மெஷினில் போட்டு அடையாளம் கண்டார்கள். 332 மனிதப் புரதங்கள் வந்தன. அவற்றில் 66 ஏற்கெனவே ஏதோ ஒரு மருந்தோ வேதிப்பொருளோ பிடிக்கக்கூடியவை, அப்படிப்பட்ட பொருட்கள் 69. 2020 மார்ச் கடைசிக்குள் இந்தப் பட்டியல் உலகத்தின் கையில் இருந்தது. ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது உண்மை. உயிருள்ள வைரஸ் தேவைப்பட்டது பிறகு, இந்த மருந்துகளைச் சோதிக்கும்போதுதான். அதை நியூயார்க்கிலும் பாரிஸிலும் செய்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. பட்டியலில் சிக்மா ரிசெப்டர் என்று ஒரு ஜோடி மனிதப் புரதங்கள் இருந்தன. அவற்றைப் பிடிக்கும் மருந்துகள் பல, செல்லில் வைரஸைக் குறைத்தன. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். 2021-ல், கிரோகன் ஆய்வில் பங்கெடுத்த அதே ஆட்கள் சிலர் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்த ஓட்டத்தை நிறுத்தியது. அந்த மருந்துகளில் பலவும் செல்லுக்குள் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைத் தேக்கிவிடுகின்றன, அந்தத் தேக்கத்தால்தான் வைரஸ் குறைகிறது, இலக்கைப் பிடித்ததால் இல்லை என்று காட்டினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஆனால் தாங்கள் வெட்டிய கிணற்றில் பூதம் இருக்கிறது என்று தாங்களே சொன்னார்கள், அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன். இன்னொரு பக்கம், செல்லின் புரதத் தயாரிப்புக்குத் தேவையான இஇஎஃப்1ஏ என்ற மனிதப் புரதத்தைப் பிடிக்கும் பிளிட்டிடெப்சின் என்ற மருந்து செல்லிலும் எலியிலும் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் பொதுச் சிகிச்சையாக அது வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த மாத்திரையான பாக்ஸ்லோவிட், வைரஸின் சொந்தப் புரோட்டியேஸை, அதாவது புரதம் வெட்டும் நொதியை, தாக்குகிறது. அந்த இலக்கு 2003 சார்ஸ் காலத்திலிருந்தே தெரிந்த ஒன்று.

நம் ஊர்க்காரர்களுக்கு 2-டிஜி ஞாபகம் இருக்கும். 2021 மே மாதம் டி.ஆர்.டி.ஓ. பெயரில் அவசரகால அனுமதி பெற்ற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி. அதே பொருள் அதற்கு ஒரு வருடம் முன்பே ஃபிராங்க்ஃபர்ட் குழுவின் புரோட்டியோமிக்ஸ் கட்டுரையில் வந்திருக்கிறது. கொரோனா தொற்றிய மனிதக் குடல் செல்களில் எந்தப் புரதங்கள் ஏறி இறங்குகின்றன என்று பார்த்து, குளுக்கோஸ் பயன்பாட்டை இந்தப் பொருளால் தடுத்தால் வைரஸ் பெருகாது என்று காட்டியிருந்தார்கள். டி.ஆர்.டி.ஓ. அதைப் பார்த்துத்தான் செய்தது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அந்தப் பொருளைப் புற்றுநோய்க்காகப் பல வருடம் கையாண்டவர்கள். நான் சொல்ல வருவது, தட்டில் வளரும் செல்லில் வைரஸ் நிற்பது வேறு, ஆக்சிஜன் சிலிண்டரோடு படுத்திருக்கும் மனிதரிடம் நோய் நிற்பது வேறு என்பதுதான். நடுவில் இருப்பது மருத்துவமனைச் சோதனை. அதை எந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டராலும் தாண்ட முடியாது.

பாக்டீரியாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இலக்கு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஜி.எஸ்.கே. மருந்து நிறுவனம் 1995 முதல் 2001 வரை 300-க்கு மேற்பட்ட மரபணுக்களைப் பரிசீலித்து, மருந்துப் பொருளுக்காக 70 பெரிய தேடல்களை நடத்தி, கடைசியில் தேறிய பொருள் வகைகள் 5 என்று பின்னால் அவர்களே எழுதினார்கள். இலக்கு சரியாக இருந்தும், மருந்து பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி உள்ளே போகவில்லை, போனாலும் பாக்டீரியா பம்ப் போட்டு வெளியே தள்ளிவிடுகிறது. காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவர் இதில் இன்னும் மோசம். பெடாக்விலின் என்ற காசநோய் மருந்து நேர்மாறான வழியில் வந்தது. முதலில் கிருமியைக் கொல்லும் பொருளைக் கண்டார்கள். பிறகு அதற்கு மசியாத கிருமிகளை வளர்த்து, மரபணுவைப் படித்து, கிருமிக்குச் சக்தி தயாரிக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதிதான் இலக்கு என்று 2005-ல் சொன்னார்கள். அமெரிக்க அனுமதி 2012 டிசம்பரில். அதில் புரோட்டியோமிக்ஸுக்கு வேலையே இல்லை. எங்கள் துறை ஆட்கள் கருத்தரங்கில் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் எங்கே இது நிஜமாகவே கைகொடுக்கிறது? என் பார்வையில், மருந்து கையில் இருக்கும்போது. வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவது புரதம் மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்படுவதால்தான். ஒவ்வொரு புரதத்துக்கும் இறுகும் சூடு ஒன்று இருக்கிறது. ஒரு மருந்து ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் அது இறுகக் கொஞ்சம் அதிகச் சூடு தேவைப்படும். செல்லை மருந்தோடும் மருந்து இல்லாமலும் பத்துவிதச் சூட்டில் வைத்து, எந்தப் புரதம் மட்டும் தாக்குப்பிடிக்கிறது என்று ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒரே சமயத்தில் பார்க்கலாம். 2013, 2014-ல் உருவான முறை இது. சிங்கப்பூரில் ஒரு குழு இதை மலேரியாக் கிருமியில் குயினைனோடு செய்து பார்த்தது. 1820-ல் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து, கோடிக்கணக்கான பேர் விழுங்கியது. அது போய் ஒட்டும் இடங்களில் ஒன்று பியூரின் நியூக்ளியோசைடு பாஸ்போரிலேஸ் என்ற நொதி என்று 2019-ல்தான் காட்டினார்கள். அது மட்டும்தான் இலக்கா என்றால், நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆர்ட்டிமிசினின் என்ற இன்னொரு மலேரியா மருந்து விஷயத்தில் சிங்கப்பூரிலேயே 2015-ல் வேறொரு முறையில் தேடியபோது 124 புரதங்கள் வந்து நின்றன. அது கிருமியின் வீட்டில் கையில் கிடைத்ததையெல்லாம் உடைக்கும் மருந்து. அதில் எந்த ஒன்று கிருமியைக் கொன்றது என்று கேட்பதே தப்பான கேள்வியாக இருக்கலாம்.

நோய் கண்டறிதலில் தயக்கமில்லாமல் வெற்றி என்று சொல்லலாம். காசநோய்க் கிருமியை வளர்த்த திரவத்தில் அது வெளியே கக்கும் புரதங்களைப் பிரித்துப் பார்த்து, கோபன்ஹேகனில் 1995-ல் ஈசாட்-6 என்ற குட்டிப் புரதத்தைக் கண்டார்கள். கொஞ்சம் பின்னால் சி.எஃப்.பி-10 வந்தது. இந்த இரண்டின் மரபணுக்களும் பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் இல்லை. நம் எல்லோர் தோளிலும் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது, அதனால் பழைய தோல் சோதனை சில சமயம் ஏமாற்றும். இந்த இரண்டு புரதங்களை வைத்துச் செய்யும் இக்ரா ரத்தப் பரிசோதனை பி.சி.ஜி.யால் ஏமாறாது. ஆனால் கிருமி உள்ளே தூங்குகிறதா, நோயாக எழுந்துவிட்டதா என்று அதாலும் சொல்ல முடியாது.

மால்டி-டாஃப் இன்று பெரிய மருத்துவமனைகளின் நுண்ணுயிர்ப் பிரிவில் இருக்கிறது. காலையில் தட்டில் முளைத்த புள்ளியைக் குச்சியால் தொட்டு வைத்தால், அதன் ரைபோசோம் (செல்லின் புரதத் தொழிற்சாலை) புரதங்களின் எடைகளைப் பார்த்துச் சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். இதிலும் ஒரு ஓட்டை. மெலியாய்டோசிஸ் நம் தென்னிந்தியாவில் மண்ணிலிருந்து, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு வருகிற நோய். நுரையீரலில் வந்தால் காசநோய் மாதிரியே தெரியும். அதன் கிருமி தரவுத்தளத்தில் சேர்க்கப்படாத மெஷின்களில், அதிகம் தீங்கில்லாத அதன் பங்காளிக் கிருமியின் பெயரை மெஷின் நம்பிக்கையோடு அச்சடித்திருக்கிறது. பெயர் தப்பானால் மருந்தும் தப்பாகும்.

இனி சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது. நோயாளியின் ரத்தத்திலோ சளியிலோ ஐந்தாறு புரதங்களை அளந்து நோயைச் சொல்கிறோம் என்று வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை நான் அப்படியே நம்ப மாட்டேன். ரத்தத் திரவத்தின் புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின் மட்டுமே. கிருமியின் புரதத்தை அதற்குள் தேடுவது கல்யாண மண்டபத்து வாசலில் ஒற்றைச் செருப்பைத் தேடுவது மாதிரி. ஒரு ஊரில் ஐம்பது பேரிடம் பிரமாதமாக வேலை செய்த ஆறு புரதங்கள், அடுத்த ஊரில் வேறு ஐம்பது பேரிடம் பல்லிளிக்கும். அதேபோல, தொற்றின்போது ஒரு புரதம் பத்து மடங்கு கூடியது, ஆகவே அதுதான் இலக்கு என்ற வாதமும் பலவீனமானது. கூடுவதெல்லாம் அவசியமானது என்று அர்த்தமில்லை. காசநோய்க் கிருமிக்கு ஆக்சிஜன் குறைந்தால் ஆல்ஃபா-கிரிஸ்டலின் என்ற புரதம் எக்கச்சக்கமாகப் பெருகும். பழைய ஜெல்லில் கண்ணை மூடிக்கொண்டு காட்டலாம், அவ்வளவு பெரிய பொட்டு. அதை வைத்து இதுவரை எந்த மாத்திரையும் வரவில்லை.

பிஎச்.டி. விஷயத்துக்கு வருகிறேன். சேருங்கள், ஆனால் சேரும் முன் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மெஷின் பட்டியல் கொடுத்த பிறகு, அந்தப் புரதத்தின் மரபணுவை அடக்கிப் பார்த்து, கிருமி சாகிறதா இல்லையா என்று சோதிப்பது யார், எந்தக் கூடத்தில், எந்தப் பணத்தில்? பதில் தெளிவாக வந்தால் நல்ல இடம். "முதலில் டேட்டா வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றால், ஐந்து வருடம் கழித்து உங்கள் கையில் மூவாயிரம் வரி எக்செல் ஷீட் ஒன்று இருக்கும். அப்படிப்பட்டவை என்னிடமே இரண்டு இருக்கின்றன. புள்ளியியலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு சதவீதம் தவறு அனுமதி என்றால் மூவாயிரத்தில் எத்தனை போலி என்று வாய்க்கணக்காகவே தெரிந்திருக்க வேண்டும். பி.எஸ்.எல்-3 (பி.எஸ்.எல்-4-க்கு ஒரு படி கீழான பாதுகாப்பு கூடம்) பயிற்சியை முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள், 42 நாள் காத்திருப்புகளைக் கணக்கில் சேர்த்து மாதங்களைத் திட்டமிடுங்கள். அப்புறம், தலைக்குத் தொப்பி.